புத்தகம் வாங்கியாச்சு, பிள்ளை தொடலையே!

பரீட்சை முடிந்து லீவு விடப்போகிற நேரம் என்பதாலோ என்னவோ, இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். பிள்ளை பாடப்புத்தகம் தவிர வேறெதையும் கையில் எடுக்க மாட்டேன் என்கிறது, என்ன வாங்கிக் கொடுக்கலாம்? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முப்பது வருஷம் ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகளோடு இருந்தவள் நான். இப்போது பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்பக்கத் தார்சாவில் நாலு தட்டு அலமாரி ஒன்றைப் போட்டு, எங்கள் தெருவிலிருக்கும் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்து வாங்குகிறேன். அதில் எனக்குத் தெரியவந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: டீச்சர், என் மகள் நாலாம் வகுப்பு. புத்தகத் திருவிழாவில் ரெண்டாயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கிக் கொடுத்தேன். தலைவர்கள் வரலாறு, நீதிக்கதைகள், பொது அறிவுப் புத்தகம், ஒரு அகராதி. நாலு மாசமாகிறது, மேல் கவரைக்கூடப் பிரிக்கவில்லை. எந்நேரமும் போன்தான். என்ன செய்ய?
*(வாசகர், மகாராஜநகர், திருநெல்வேலி)*

தம்பி, நீங்கள் எழுதியிருக்கிற பட்டியலை நீங்களே இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். அவள் எப்படி வரவேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுகிறீர்களோ அதற்கான புத்தகம்தான் நாலும். அவளுக்கு இப்போது பிடித்தது என்று ஒன்றுகூட அதில் இல்லை. பாசத்தில் வாங்கியதுதான், குறையாகச் சொல்லவில்லை. ஆனால் தீபாவளிக்குத் துணி எடுக்க டவுணுக்குப் போனால் பாவாடைக்கு என்ன நிறம் என்று அவளைக் கேட்டுத்தானே எடுக்கிறீர்கள்? புத்தகக் கடையில் மட்டும் அவளைக் கையைப் பிடித்து நிறுத்திவைத்துவிட்டு நாமே பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம்.

அடுத்த தடவை பொருநை புத்தகத் திருவிழாவுக்குப் போகும்போது அவள் கையில் இருநூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு, நீங்கள் ரெண்டு அடி பின்னால் நடங்கள். பேய்ப் படம் போட்டதை எடுப்பாள், ஸ்டிக்கர் ஒட்டுகிற புத்தகத்தை எடுப்பாள், ஏற்கெனவே வீட்டில் இருக்கிற கதையையே கூட எடுப்பாள். ஒன்றும் சொல்லாதீர்கள். முதல் புத்தகத்துக்கு நாம் முகம் சுளித்தால் ரெண்டாவதை அவள் நமக்காகத்தான் எடுப்பாள், அதோடு போய்விடும்.

எங்கள் தெருவில் ஒரு பையன், இரண்டாம் வகுப்பு. அக்கா கூடவே வருவான், புத்தகம் எடுக்க மாட்டான், தார்சாப் படியில் உட்கார்ந்து சுவர் இடுக்கில் போகிற எறும்பு வரிசையையே பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டு வாரம் நானும் விட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் எறும்பைப் பற்றிய ஒரு படப்புத்தகத்தை அந்தப் படியிலேயே விரித்து வைத்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பையன் குப்புறப் படுத்திருக்கிறான், ஒரு கை விரல் படத்தின் மேல், இன்னொரு கை விரல் தரையில் போகிற எறும்புக்குப் பக்கத்தில், கால் எத்தனை என்று இரண்டிலும் எண்ணிக்கொண்டு. "டீச்சர், எறும்புக்குக் காதே இல்லைன்னு போட்டிருக்கு, அப்பம் அதுக்கு எப்படிக் கேக்கும்?" என்றான். தரையின் அதிர்வைக் காலால் உணர்ந்துகொள்ளும் என்பது அடுத்த பக்கத்திலேயே இருந்தது. நான் வாயால் சொல்லவில்லை, பக்கத்தைப் புரட்டி மட்டும் விட்டேன். அந்த நாலு வரியை எழுத்துக்கூட்டி முடிக்க அவனுக்குப் பத்து நிமிஷம் ஆனது, அந்தப் பத்து நிமிஷமும் அவன் தலை நிமிரவில்லை.

ஆகவே முதலில் உங்கள் மகளைக் கொஞ்சம் வேவு பாருங்கள். போனில் என்ன பார்க்கிறாள்? நாய்க்குட்டியா, சமையலா, மர்மக்கதையா, பொம்மை செய்வதா? அது சம்பந்தமான புத்தகம் தமிழில் ஏதாவது ஒன்று கண்டிப்பாகக் கிடைக்கும். போனைப் பிடுங்கிவிட்டு அந்தக் கையிலேயே புத்தகத்தைத் திணிக்காதீர்கள், அப்புறம் புத்தகத்தைப் பார்த்தாலே அவளுக்குத் தண்டனை ஞாபகம்தான் வரும்.

புத்தகம் அவள் வாசிக்கிற அளவுக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஏதாவது ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அது இப்போதைக்கு வேண்டாம், ஆறு மாதம் கழித்து எடுக்கலாம். நாலு பக்கம் வாசித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று வைத்தால் வைக்கட்டும். எடுத்ததை முடித்தே ஆகவேண்டும் என்பது சாப்பாட்டுத் தட்டுக்குச் சரி.

இன்னொன்று, எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. வீட்டு வரி கட்டும்போது கூடவே நூலக வரியும் கட்டுகிறீர்கள், ரசீதை எடுத்துப் பாருங்கள். 1948இலேயே நம் மாநிலத்தில் பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது, சுதந்திர இந்தியாவில் அதுதான் முதலாவது. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் இருப்பது உங்கள் காசில் வாங்கிய புத்தகம்தான். அவள் பெயரிலேயே உறுப்பினர் அட்டை வாங்குங்கள். தன் பெயர் எழுதிய அட்டையைத் தானே நீட்டிப் புத்தகம் எடுக்கிற பிள்ளையின் முகத்தை ஒரு தடவை பார்த்தீர்கள் என்றால் நான் சொல்வது புரியும்.

கடைசியாக, ராத்திரி படுக்கப்போகும் முன் பத்து நிமிஷம் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள், ஏழாம் வகுப்பு வரைக்கும்கூட வாசித்துக் காட்டலாம். டோட்டோ-சானில் தொடங்குங்கள். நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் போட்டிருக்கிறது. ரயில் பெட்டிகளையே வகுப்பறையாக வைத்திருந்த ஒரு ஜப்பான் பள்ளிக்கூடத்தில் படித்த சிறுமியின் உண்மைக் கதை. ஒவ்வொரு அத்தியாயமும் ரெண்டு மூன்று பக்கம்தான் இருக்கும், ஒரு ராத்திரிக்கு ஒன்று கணக்காகப் போகும். நடுவில் நிறுத்திச் சொல்லுக்குச் சொல் அர்த்தம் சொல்லாதீர்கள், முடிந்ததும் இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய் என்று கேட்காதீர்கள்.

கேள்வி: நான் அஞ்சாம் கிளாஸோட நின்னுட்டேன்க்கா. வீட்டுக்காரர் கேரளாவில் கட்டட வேலை. பகல் பூரா பீடி சுத்துறேன். மகன் மூணாம் வகுப்பு, அரசுப் பள்ளி. வாசித்துக் காட்டுங்க என்று எல்லாரும் சொல்றீங்க, எனக்கே திக்கித் திக்கித்தான் வரும். நான் என்ன செய்ய முடியும்?
*(வாசகி, முக்கூடல்)*

தங்கச்சி, இந்த மாதம் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்த கடிதம் உங்களுடையது. நீங்கள் வாசிக்க வேண்டாம், அவன் வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள்.

இது புதுசு ஒன்றும் இல்லை. கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் பீடிக் கம்பெனிகளில் ஒரு வழக்கம் இருந்தது. வரிசையாக உட்கார்ந்து சுற்றுகிறவர்களில் ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேப்பரும் கதையும் வாசிப்பார், அவர் சுற்றவேண்டிய பீடியை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். பள்ளிக்கூடமே போகாதவர்கள்கூட அப்படிக் கேட்டுக் கேட்டே பெரிய நாவல்களைத் தெரிந்துவைத்திருந்தார்கள். கடல் தாண்டி கியூபாவில் சுருட்டுத் தொழிற்சாலைகளிலும் இதே வழக்கம் 1865இலேயே வந்துவிட்டது. உங்கள் வீட்டு நடையில் உங்கள் மகன்தான் அந்த வாசிக்கிற ஆள்.

சாயங்காலம் அவன் விளையாடிவிட்டு வந்ததும், நீங்கள் மடியில் தட்டை வைத்து இலையில் தூளை வைத்து உருட்டிக்கொண்டிருக்கும்போது, அவனை வாசல் படியில் உட்கார வையுங்கள். தூள் பறக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், பிள்ளையின் நெஞ்சுக்கு நல்லதில்லை. படியில் வெளிச்சமும் இருக்கும். ஒரு கதை வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் கை பாட்டுக்கு வேலை செய்யட்டும். அவன் நிறுத்துகிற இடத்தில் "அப்புறம்?" என்று கேளுங்கள். "அவன் ஏன்டே அப்படிச் செஞ்சான்?" என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேளுங்கள். டீச்சர் கேட்டால் பிள்ளைக்கு அது பரீட்சை. அம்மா கேட்டால், தனக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாது, தான்தான் சொல்ல வேண்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவான்.

அவன் தப்பாக வாசித்தால் எனக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பீர்கள். கதை கேட்கிற காதுக்குத் தெரிந்துவிடும். "யானை கிணத்துக்குள்ள பறந்துச்சா? இன்னொரு தடவை பாரு" என்று சொல்லப் போகிறீர்கள், அவ்வளவுதான். அரசின் வாசிப்பு இயக்கம் 2023இல் தொடங்கியபோது பள்ளிகளுக்குக் கொடுத்த சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் அவன் பள்ளிக்கூடத்தில் இருக்கும். நுழை, நட, ஓடு, பற என்று நாலு படி வைத்து, அதற்குத் தக்க எளிதாகவும் கொஞ்சம் கடினமாகவும் எழுதியிருக்கிறார்கள். நுழையில் தொடங்கச் சொல்லுங்கள், மூணாம் வகுப்பு ஆயிற்றே என்று பார்க்க வேண்டாம். படமே பெரிதாகவும் எழுத்து கொஞ்சமாகவும் உள்ள புத்தகம் என்றால், ராத்திரி வேலை முடிந்து கை கழுவிய பிறகு, படத்தைப் பார்த்து நீங்களே ஒரு கதை சொல்லுங்கள். அப்படியே திக்கித் திக்கி நீங்களும் ரெண்டு வரி வாசியுங்கள். அம்மாவும் கூட்டித்தான் வாசிக்கிறாள் என்பது அவனுக்குப் பெரிய தைரியம்.

கேள்வி: மகள் ஆறாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். இங்கிலீஷ் கதைப் புத்தகம் படிக்கிறாள். தமிழ் என்றால் ரெண்டு வரியில் மூடிவிடுகிறாள். பேசுவதெல்லாம் நன்றாகத் தமிழ் பேசுவாள். ஏன் இப்படி?
*(வாசகி, கே.டி.சி. நகர்)*

அவள் பேசுகிற தமிழ் வேறு, புத்தகத்தில் இருக்கிற தமிழ் வேறு. நாம் பெரியவர்கள் இரண்டுக்கும் பழகிவிட்டதால் இது நம் கண்ணில் படுவதே இல்லை. வீட்டில் அவள் கேட்பது "அப்பா வந்துட்டாவ", "எங்க போறிய", "நாளைக்குச் சொல்லுதேன்". புத்தகத்தைத் திறந்தால் "வந்துவிட்டார்", "எங்கே போகிறீர்கள்", "சொல்கிறேன்". எழுத்து அத்தனையும் தெரிந்தாலும் அந்த வாக்கியத்தின் ஓசை அவள் காதில் ஏறியிருக்காது. எழுத்தைக் கூட்டவும் வேண்டும், பழகாத ஓசையைப் பிடிக்கவும் வேண்டும், கதையும் புரிய வேண்டும் என்றால் பிள்ளை எத்தனையைத்தான் ஒரே நேரத்தில் செய்யும்?

அதனால் முதல் ரெண்டு மாதம் அவளை வாசிக்கச் சொல்லாமல் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். காது பழகட்டும். அப்புறம் ஒரு பக்கம் நீங்கள், ஒரு பத்தி அவள். பேச்சு நிறைய வருகிற கதையாக எடுங்கள், நம் ஊர்ப் பேச்சு அப்படியே வருகிறதென்றால் இன்னும் நல்லது, "அய்யோ இது ஆச்சி பேசுற மாதிரியே இருக்கு" என்று சிரித்துக்கொண்டே ரெண்டு பக்கம் போய்விடுவாள். கரிசல்காட்டு இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் எழுத்தில் அது கிடைக்கும், அவர் திரட்டிய நாட்டுப்புறக் கதைகளில் பிள்ளைகளுக்கு ஏற்றதை மட்டும் நீங்கள் முன்னாடியே வாசித்துப் பொறுக்கி வைத்துக்கொள்ளுங்கள், பெரியவர்களுக்கான கதைகளும் அதில் உண்டு. கோவில்பட்டி உதயசங்கரின் ஆதனின் பொம்மை, கீழடியைப் பின்னணியாக வைத்து எழுதிய சிறார் நாவல், 2023இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சரியாக இருக்கும். அதை முடித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆதிச்சநல்லூருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், உங்களுக்குப் பக்கம்தானே.

247 எழுத்து என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். 12 உயிரும் 18 மெய்யும் சேருகிற விதம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் அதன் பிள்ளைகள்தான். புது பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது திசையன்விளை, பாபநாசம், வள்ளியூர் என்று போர்டை முதலில் வாசிப்பது யார் என்று அவளோடு போட்டி போடுங்கள். பஸ் நகருவதற்குள் வாசிக்க வேண்டும் என்பதால் வேகம் தானாக வரும்.

கேள்வி: பையனுக்கு 11 வயது. காமிக்ஸ் மட்டும்தான் படிக்கிறான். கண்டிக்கலாமா?
*(வாசகர், வள்ளியூர்)*

கண்டிக்காதீர்கள். படிக்கிற பிள்ளையை எதற்குக் கண்டிக்க வேண்டும்? பக்கத்துச் சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியது, நம் பக்கத்தில் இன்று ஐம்பது வயதைத் தாண்டிய நல்ல வாசகர்களில் பலர் மாயாவியைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்துப் படித்தவர்கள்தான். படத்துக்கும் படத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைக் காமிக்ஸ் சொல்லாது, பிள்ளையே யோசித்து நிரப்பிக்கொள்ள வேண்டும். அது நல்ல பயிற்சி. ஒன்று மட்டும் செய்யுங்கள், அவனிடம் ஒன்றைக் கடன் வாங்கி நீங்களும் படியுங்கள். பேச விஷயம் கிடைக்கும். அவன் விஞ்ஞானக் கதை விரும்புகிறவன் என்றால் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழுக்குச் சந்தா கட்டுங்கள், 1987இலிருந்து வருகிறது. மாதாமாதம் தபாலில் தன் பெயருக்கு ஒன்று வருவதே பிள்ளைகளுக்குச் சந்தோஷம்.

கேள்வி: எங்கள் பள்ளியில் நல்ல புத்தகங்கள் இருக்கின்றன. பிள்ளைகளிடம் கொடுத்தால் கிழித்துவிடுகிறார்கள், கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று பூட்டி வைத்திருக்கிறோம். மனசு கேட்கவில்லை.
*(ஆசிரியை, நாங்குநேரி அருகே)*

மனசு கேட்கவில்லை என்று எழுதினீர்களே, அதற்கே உங்களுக்கு நன்றி. நான் படித்த பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அறையில் ஒரு கண்ணாடி பீரோ உண்டு. உள்ளே ஒரு புத்தகத்தின் முதுகில் நீலநிறக் கப்பல் படம் இருக்கும். ஐந்து வருஷம் அந்தக் கப்பலை வெளியிலிருந்தே பார்த்தேன், ஒரு நாள்கூடத் திறந்து தரவில்லை. அது என்ன புத்தகம் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஐம்பது வருஷம் கழிந்தும் அந்த ஏக்கம் போகவில்லை.

திறந்துவிடுங்கள். சணல் கயிற்றை வகுப்பில் குறுக்கே கட்டிப் புத்தகத்தைத் துணி காயப்போடுகிற மாதிரி தொங்கவிடுங்கள், அட்டை தெரிய வேண்டும், முதுகு மட்டும் தெரிந்தால் சின்னப் பிள்ளைகள் எடுக்க மாட்டார்கள். கிழிந்தால் ஒட்ட வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பசையும் பழைய காலண்டர் தாளும் கொடுத்து அவர்களையே உட்கார வையுங்கள். ஒட்டிய பிள்ளை அப்புறம் கிழிக்காது, கிழிக்கிறவனையும் விடாது. தலைமையாசிரியரிடம் பேசி, கிழிந்ததைப் பழுதானது என்று பதிவேட்டில் எழுத வழி செய்துகொள்ளுங்கள். வாசித்த பிறகு சுருக்கம் எழுதச் சொல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: பேத்திக்குச் சுடலைமாடன், இசக்கி கதையெல்லாம் சொல்லுவேன். பிள்ளை பயந்துரும், புத்தகத்தில் இருக்கிற நல்ல கதையாகச் சொல்லுங்க என்கிறாள் மருமகள். நான் சொல்வது தப்பா?
*(வாசகி, அம்பாசமுத்திரம்)*

தப்பே இல்லை அம்மா. மடியில் படுத்துக்கொண்டு பயப்படுவது பிள்ளைகளுக்கு ஒரு சுகம், ஆச்சியின் கை முதுகில் இருக்கிறதே. ஆனால் பேத்தி ராத்திரி எழுந்து அழுகிறாள் என்றால் மருமகள் சொல்வதிலும் நியாயம் உண்டு, அதைப் பகலில் சொல்லுங்கள், ராத்திரிக்கு நரிக் கதையை வைத்துக்கொள்ளுங்கள். மருமகளிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கித் தரச் சொல்லி, நீங்கள் சொல்லச் சொல்லப் பேத்தியை எழுத வையுங்கள், பக்கத்தில் படமும் அவளே போடட்டும். கதையைக் கேட்கிற பிள்ளைக்கு அதை எழுத்தில் பார்க்க ஆசை வரும், தான் எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். வில்லுப்பாட்டில் கேட்ட நீளக் கதை எல்லாம் உங்கள் தலைமுறையோடு போய்விடாமலும் இருக்கும்.

கேள்வி: மகன் ஏழாம் வகுப்பு. பறவை பறவை என்று அலைகிறான். அதைத் தவிர எதையும் படிப்பதில்லை.
*(வாசகர், களக்காடு)*

அது போதுமே. அவனுக்குக் கி.ரா. எழுதிய பிஞ்சுகள் வாங்கிக் கொடுங்கள், பறவைகள் பின்னால் அலைகிற ஒரு கிராமத்துப் பையனின் கதை, சின்னப் புத்தகம்தான், நம் பக்கத்துப் பறவைப் பெயர்கள் நிறைய வரும். அதில் முட்டை எடுப்பதும் வருகிறது, இப்போது அது சட்டப்படி கூடாது, 1972இலேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது என்று அவனிடம் சொல்லிவிடுங்கள். தை, மாசியில் கூந்தன்குளத்துக்கு ஒரு நாள் அதிகாலையில் கூட்டிக்கொண்டு போங்கள், 1994இல் சரணாலயமாக அறிவித்த இடம், நாங்குநேரி வழியாகப் போய்விடலாம். பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டியிருப்பதைப் பார்க்கலாம். வரித்தலை வாத்து கண்ணில் பட்டால், அது இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிற பறவை என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள், மீதியை அவனே தேடி வாசிப்பான். ஒரு நோட்டும் பென்சிலும் மறக்காமல் கொடுத்தனுப்புங்கள், பார்த்த பறவைகளை எழுதி எனக்கும் ஒரு நகல் அனுப்பச் சொல்லுங்கள்.